ஆறு அங்குலம்

கடைக்காரர் ஓரெஸ்ட் முதலில் சத்தத்தைப் பற்றிப் பேசினார்,
அதாவது, சத்தம் இல்லாததைப் பற்றி.
சங்கிலிக்குப் பதில் ரப்பர் வார்,
மேலே தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கமாட்டாராம்.
குகதாசனுக்குப் பிடித்துப்போயிற்று.
டொராண்டோவில் இருந்தபடியே கைப்பேசியில் திறக்கலாம் என்றதும்
இன்னும் பிடித்துப்போயிற்று.
டொராண்டோவில் நின்றுகொண்டு
எட்மன்டன் கராஜைத் திறந்து
யாரை வரவேற்கப் போகிறாரோ.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
கதவுகளை எனக்கு வேறு பக்கத்திலிருந்து தெரியும்.
பலகையும் பலகையும் மடிந்து நிமிரும் இடுக்கில்
மாட்டிய விரல்களைத் தெரியும்.
ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிவிடலாம் என்று
வீடியோ பார்த்து ஏணி ஏறியவரின் மணிக்கட்டு
என் திரையில்
பையின் அடியில் நொறுங்கிய பிஸ்கட்போலக் கிடந்தது.

அதனால் கேட்டேன்:
மூடுவது இருக்கட்டும். இது எப்படி நிற்கும்?

ஓரெஸ்ட் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.
மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து
மாதிரிக் கதவின் கீழே படுக்கவைத்துப்
பொத்தானை அமுக்கினார்.
கதவு இறங்கி, மரத்தைத் தொட்டு,
ஏதோ மறந்துவிட்ட ஆள்போல ஒரு நொடி தயங்கி,
மேலே போயிற்று.
தொட்டால் திரும்பவேண்டும், என்றார்.
அதைவிட நல்லது, தொடாமலே திரும்புவது.

இரு பக்கமும் தண்டவாளத்தின் அடியில் இரண்டு கண்கள்,
தரையிலிருந்து ஆறு அங்குலத்தில்.
அதற்குமேல் வைத்தால்
தவழ்கிற பிள்ளை கீழால் போய்விடும்.
ஒன்றையொன்று பார்த்தபடியே இருக்கும் அவை;
பார்வை அறுந்தால் கதவு இறங்காது.
கண்ணுக்குத் தனி விலை இல்லை, என்றார்.

எங்கள் வீட்டிலும் கண்கள் இருந்தன.
முன்பு இருந்தவர் அவற்றைக் கழற்றி
மோட்டருக்குப் பக்கத்தில், கூரையில்,
எதிரும் புதிருமாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்.
மாசி மாதச் சாய்வெயில் கண்ணில் பட்டு
கதவு மூட மறுத்ததாம்.
நாலு வருடம்
அவை தங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.
கீழே நாங்கள் போய்வந்துகொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை பூட்டிவிட்டுப் போனார்கள்.
மின்சாரம் போனால் பேட்டரி,
அதுவும் போனால் இழுக்கச் சிவப்புக் கயிறு,
பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சுவர்ப் பொத்தான்.
எல்லாவற்றையும் நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை, நேரம் போய்விட்டது.
ஆரூரன் முன்னால் காரடியில் நிற்கிறான் என்று நினைத்து
பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினேன்,
இறங்குகிற கதவுக்குக் குனிந்து,
கண்களுக்கு நடுவே, பழக்கத்தில், காலைத் தூக்கி வைத்து.
புதுக் கதவு வந்து இரண்டு நாள்,
அதற்குள் என்ன பழக்கம் என்று கேட்காதீர்கள்.
வேலையிடத்துக் கதவில் பழகியது.

திரும்பிப் பார்த்தால்
அவன் எனக்குப் பின்னால் வருகிறான்.
நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு,
வேண்டியதைவிட உயரமாக முழங்காலைத் தூக்கி,
அப்படியே என்னைப்போல.
கண்கள் யாரையும் காணவில்லை.
கதவு சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது,
அதற்குத்தானே கூடுதலாக இருநூறு டாலர் கொடுத்தோம்.

காலைப் பின்னால் எறிந்தேன்.
பூட்ஸ் கதிரை அறுத்தது.
கதவு நின்று, மேலே போயிற்று.

"நான் தொடேல்லையே அம்மா," என்றான்.
முகமெல்லாம் பெருமை.

அவனுக்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.
கொஞ்ச நேரம் சாவியைத் தேடினேன்,
சாவி கையில்தான் இருந்தது.

இப்போது வெளியே நின்று பொத்தானை அமுக்குகிறோம்,
குளிர் மைனஸ் இருபத்தேழு என்றாலும்.
குகதாசன் காருக்குள்ளிருந்து ஹோர்ன் அடிக்கிறார்.
ஆரூரன் எண்ணுகிறான்,
ஒவ்வொரு முறையும் பதினொன்றை விட்டுவிடுகிறான்.
பதின்மூன்றில்
ரப்பர் விளிம்பு பனியில் பட்டு அமுங்குகிறது.
பிறகுதான் திரும்பி நடக்கிறோம்.